சைக்கிள் வாங்குமுன் கொஞ்சம் வரலாறு

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குச் சைக்கிளில் போய் வந்தவர் யாரேனும் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். போகும்போது காட்டையும் மலையையும் பார்த்துக்கொண்டே, பெடலை மிதிக்காமலே இறங்கிவிட்டதாகச் சொல்வார். திரும்பி வந்த கதையைக் கேட்டால் அவர் குரல் சற்றே இறங்கும். ஏற்றம் தொடங்கிய இடத்தில் சீட்டை விட்டு இறங்கியவர், வியர்க்க வியர்க்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் மேலே வந்திருப்பார்.

தருமபுரி மாவட்டம் முழுவதும் இப்படித்தான். தெற்கே சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய். ஊருக்கு அருகிலேயே வத்தல்மலை. அரூர்ப் பக்கம் சித்தேரி மலை. சமவெளி போலத் தோன்றும் சாலைகள்கூட மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். இந்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் ஒரு புதுச் சைக்கிள் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட, 'ரோடு பைக்' என்று இன்று இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் வகை. கையில் இருப்பது 40,000 ரூபாய். பெரும் பணக்காரரின் தொகையும் அல்ல. அலட்சியமாகச் செலவிடக் கூடிய தொகையும் அல்ல. ஒரு முறை தவறாக வாங்கிவிட்டால் மறுமுறை வாங்க நம் குடும்பங்களில் பல ஆண்டுகள் ஆகும்.

கடைக்குப் போனால் என்ன நடக்கும்? எடை எவ்வளவு குறைவு, கியர் எத்தனை, எந்தப் பந்தய வீரர் இதே மாதிரி வண்டியை ஓட்டுகிறார் என்றெல்லாம் சொல்லுவார்கள். எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அவற்றில் எது உங்களுக்குத் தேவை? இதைச் சொல்லக் கூடிய ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவர்தான் சைக்கிளின் வரலாறு. சைக்கிளின் ஒவ்வோர் உறுப்பும் எங்கோ ஒரு சாலையில் யாரோ ஒருவர் பட்ட தொல்லைக்கு விடையாகப் பிறந்தது. அந்தத் தொல்லை உங்களுக்கும் உண்டா என்று பார்த்துக்கொண்டால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பது தானே விளங்கிவிடும். வாருங்கள், தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

சக்கரம் ஏன் ஆளுயரம் வளர்ந்தது?

1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தாலான இரு சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதில் பெடல் இல்லை. காலால் தரையை உதைத்து ஓட வேண்டியதுதான். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டே சக்கரங்கள் இருந்தாலும், ஓடும்போது மனிதன் விழாமல் சமநிலை காக்க முடியும் என்பதை அவர் உலகுக்குக் காட்டினார்.

1860-களில் பாரிஸ் நகரில் முன் சக்கரத்தின் அச்சிலேயே பெடல் பொருத்தினார்கள். இங்கேதான் ஒரு சிக்கல் பிறந்தது. பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். வேகமாகப் போக வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும். ஆகவே 1870-களில் முன் சக்கரம் வளர்ந்துகொண்டே போய், ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்தை எட்டியது. சக்கரத்தின் அளவை முடிவு செய்தது ஓட்டுபவரின் கால் நீளம்! உயரத்தில் உட்கார்ந்தவர், சிறு கல்லில் சக்கரம் இடறினாலும் தலைகுப்புற விழுந்தார்.

1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். பெடல் நடுவில்; அதிலிருந்து ஒரு செயின் பின் சக்கரத்துக்கு. முன்னே பெரிய பற்சக்கரம், பின்னே சிறிய பற்சக்கரம். முன் சக்கரத்தில் 44 பற்கள், பின் சக்கரத்தில் 18 பற்கள் என்று கொண்டால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். ஆளுயரச் சக்கரம் செய்த வேலையைப் பற்களின் விகிதம் செய்துவிட்டது. இன்று நாம் ஓட்டும் எந்தச் சைக்கிளும் அடிப்படையில் ரோவரின் பேரப்பிள்ளைதான்.

இந்த இடத்தில் ஒரு கருத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். செயினும் பற்சக்கரமும் வந்த பின், ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். பின்னால் வரும் ஏற்றக் கணக்குக்கு இதுவே திறவுகோல்.

காற்றின் மேல் சவாரி

ரோவரின் டயர் கெட்டி ரப்பர். கல் பாவிய தெருவில் ஓட்டினால் எலும்புகள் ஆடிப்போகும். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காக ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினார். 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே குதிரை வண்டிகளுக்காக இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர்தான் தெரியவந்தது. அந்தக் கண்டுபிடிப்பு உறங்கிப் போனது. சைக்கிள் வந்ததும் விழித்துக்கொண்டது.

மறு ஆண்டே பெல்பாஸ்ட் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய வண்டி வென்றது. குலுங்கல் குறைந்ததோடு வேகமும் கூடியதுதான் எல்லோரையும் வியக்க வைத்தது. காரணம் எளிது. ஒவ்வொரு கல்லிலும் வண்டியும் ஆளும் மேலே எகிறி விழுந்தால் அவ்வளவு ஆற்றலும் வீண். காற்றடைத்த டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. வண்டி முன்னேறிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பாடத்தைப் பந்தய உலகமே ஒரு கட்டத்தில் மறந்துவிட்டது. டயர் எவ்வளவு மெல்லியதோ, காற்று எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு வேகம் என்று பல ஆண்டுகள் நம்பி, 23 மில்லிமீட்டர் அகல டயர்களில் ஓடினார்கள். அண்மை ஆண்டுகளில் அளந்து பார்த்துவிட்டு, உலகப் புகழ் பெற்ற வீரர்களே 28 மில்லிமீட்டருக்கும் அதற்கு மேலும் மாறிவிட்டார்கள். வழவழப்பான சாலைகளில் ஓடும் அவர்களுக்கே இந்த நிலை என்றால், ஜல்லி பெயர்ந்த கிராமச் சாலைகளில் ஓடப் போகும் நமக்கு? ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று: 'இந்தச் சட்டத்தில் 30 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் நுழையுமா?' நுழையாது என்றால் அந்த வண்டி வேறு ஒரு நாட்டின் சாலைக்காகச் செய்யப்பட்டது.

டயரோடு ஒரு சிறு எச்சரிக்கை. நம் ஊர்ச் சைக்கிள்களில் இருப்பது வால்வு டியூப் போடும் பழைய வகை வால்வு. ரோடு பைக்குகள் பலவற்றில் இருப்பதோ ஒல்லியான 'பிரெஸ்டா' வால்வு. பஞ்சர்க் கடைப் பம்பின் முனை அதில் பொருந்தாமல் போகலாம். இதற்கென்று ஒரு சிறு பித்தளைத் திருகு கிடைக்கிறது. விலை மிகச் சொற்பம். அதை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளாதவர், பெரிய விலை கொடுத்த வண்டியோடு அரூர்ச் சாலையில் நடந்து வர வேண்டியிருக்கும்.

ஏற்றத்தில் கௌரவம் பார்த்தவர்கள்

இப்போது ஒகேனக்கல் ஏற்றத்துக்கு வருவோம். ஏற்றத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டுமா என்ற கேள்வியைப் பிரெஞ்சு நாட்டில் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் பால் த விவி. 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர். மலை சூழ்ந்த செந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்தவர். ஒரே சைக்கிளில் ஒன்றுக்கு மேற்பட்ட பற்சக்கர விகிதங்கள் இருந்தால், சமவெளியில் ஒன்றும் மேட்டில் ஒன்றுமாக மாற்றிக்கொள்ளலாமே என்பது அவர் வாதம். தாமே செய்து பார்த்தார், ஏறியும் காட்டினார்.

பந்தய உலகம் இதை ஏற்கவில்லை. 1903-இல் 'தூர் த பிரான்ஸ்' என்னும் புகழ் பெற்ற சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ஞ், கியர் மாற்றுவது வயதானவர்களுக்கு உரியது, வீரனுக்கு ஒரே பற்சக்கரம் போதும் என்று கருதினார். அதனால் பந்தய வீரர்கள் பின் சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவுப் பற்சக்கரங்களை வைத்துக்கொண்டு, மலையடிவாரம் வந்ததும் கீழே இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டிக்கொண்டு ஏறினார்கள். செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் 'டெரெய்லர்' கருவி அந்தப் பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. ஒரு தவறான கௌரவம் முப்பத்து நான்கு ஆண்டுகள் நீடித்தது!

அந்தக் கௌரவத்தின் விலை என்ன என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ. மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறீர்கள். அதாவது நிமிடத்துக்கு 150 மீட்டர். சாலை உராய்வையும் சேர்த்தால் இதற்கு ஏறக்குறைய 115 வாட் திறன் வேண்டும். நல்ல உடல்நலம் உள்ள இளைஞரால் முடியக் கூடியதுதான்.

முதலில் பழைய ஒற்றைக் கியர்ச் சைக்கிள். முன்னே 44 பல், பின்னே 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.5 மீட்டர் நகரும். 150-ஐ 5.5-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 27 சுற்று. அடுத்து, முன்னே 34 பல், பின்னே 32 பல் உள்ள ரோடு பைக். ஒரு சுற்றுக்கு 2.26 மீட்டர், நிமிடத்துக்கு 66 சுற்று. இரண்டிலும் வேகம் ஒன்றே. செய்யும் வேலையும் ஒன்றே. கியர் உங்களுக்கு ஆற்றலை இனாமாகத் தருவதில்லை. ஆனால் பெடலின் மேல் கால் கொடுக்க வேண்டிய விசையைப் பாருங்கள். முதல் வண்டியில் சராசரியாக 24 கிலோ எடைக்குச் சமமான விசை. இரண்டாவதில் 10 கிலோ மட்டுமே. பெடல் மேலும் கீழும் வரும் நேரங்களில் விசை குறைவதால், கால் அழுந்தி மிதிக்கும் கணத்தில் இது இன்னும் கூடும். தசை களைப்பதும் முழங்கால் நோவதும் இந்த விசையால்தான். ஏற்றத்தில் நம்மவர்கள் இறங்கித் தள்ளியது சோம்பலால் அல்ல, பற்சக்கரத்தின் விகிதத்தால்.

ஆகவே 'கியர் எத்தனை?' என்று கேட்காதீர்கள். 'மிகச் சிறிய கியர் எது?' என்று கேளுங்கள். முன்னே உள்ள சிறிய பற்சக்கரத்தின் பற்களையும், பின்னே உள்ள மிகப் பெரிய பற்சக்கரத்தின் பற்களையும் விரல் வைத்து எண்ணுங்கள். இரண்டும் சமமாகவோ சமத்துக்கு அருகிலோ இருந்தால் அந்த வண்டி மலை ஏறும். முன்னே 39, பின்னே 25 என்று இருந்தால் அது பந்தய வீரரின் காலுக்காகச் செய்தது. வண்டியில் 24 கியர் என்று எழுதியிருந்தாலும், நமக்கு வேண்டிய அந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற 23-ஆல் பயனில்லை.

இன்னும் ஒன்று. முன்பெல்லாம் கியர் மாற்றும் நெம்பு சட்டத்தின் சாய்வுக் குழாயில் இருந்தது. ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, அனுமானத்தில் நகர்த்த வேண்டும். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984-இல் 'கிளிக்' என்ற ஒலியோடு சரியான இடத்தில் நிற்கும் முறையைக் கொண்டுவந்தது. 1990-இல் அந்த நெம்பைப் பிரேக் பிடியோடே இணைத்துவிட்டது. இன்று நடுத்தர விலை வண்டிகளில் பலவற்றில் இது உண்டு. வளைவான மலைச் சாலையில் இரு கைகளும் பிடியிலேயே இருக்க வேண்டியவர்களுக்கு, இந்த வசதிக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

நம் நாட்டுச் சைக்கிள் ஏன் அப்படி இருந்தது?

இவ்வளவு நல்ல கியர் இருக்கும்போது நம் நாட்டில் மட்டும் ஒற்றைக் கியர் வண்டியையே ஏன் ஓட்டினோம்? நாம் பின்தங்கியவர்கள் என்பதா விடை? இல்லை.

1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை உருவாக்கின. சென்னையை அடுத்த அம்பத்தூரில் எழுந்த அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ் ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருவுக்கும் வந்தன. இவை மூன்றும் இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதிப் பெயர்கள். வடக்கே லூதியானாவில் 1956-இல் ஹீரோ நிறுவனம் தோன்றியது. எல்லோரும் செய்தது கனமான எஃகுச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், கம்பிப் பிரேக், செயின் பெட்டி, பின்னால் கேரியர் கொண்ட வண்டி.

பால் கேனும், தழைக் கட்டும், மாம்பழக் கூடையும், மூட்டை அரிசியும், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் ஏறிய வண்டி அது. கேட்ட கேள்வி: 'எவ்வளவு சுமக்கும்? உடைந்தால் எங்கள் ஊரிலேயே சரி செய்ய முடியுமா?' இரண்டுக்கும் அந்த வண்டி சரியான விடை சொன்னது. சக்கரம் கோணினால் கோட்டம் எடுக்கவும், பால்ரஸ் குண்டு மாற்றவும், முழுவதையும் பிரித்து ஓவராயில் செய்யவும் புளியமரத்தடிக் கடையே போதும். கால் எட்டாத சிறுவர்கள் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியதும் அதில்தான்.

1991 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்தது. அப்போது பெண்களில் சிலர் 'லேடீஸ்' சைக்கிளை விட்டுவிட்டு ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். ஏன் தெரியுமா? குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்! பெட்டியில் எழுதியிருந்த பெயரை அவர்கள் பார்க்கவில்லை; தங்கள் வேலையைப் பார்த்தார்கள். சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? பிறகு 2001-02 முதல் தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கி, படிப்படியாக மற்ற மாணவர்களுக்கும் அதை விரிவாக்கியது.

தருமபுரி மாவட்டத்துக்கு இதில் தனியான ஓர் அத்தியாயம் உண்டு. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான இந்த மாவட்டம், 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூரையும் உள்ளடக்கியிருந்தது. அந்த ஓசூரில்தான் 1980-இல் டி.வி.எஸ். மொபெட் உற்பத்தி தொடங்கியது. இரண்டு பேர் ஏறி மேட்டில் போகலாம், மிதிக்க வேண்டாம் என்றதும், சுமை வேலை மெல்ல மெல்லச் சைக்கிளை விட்டு மொபெட்டுக்கு மாறியது. இன்று நீங்கள் வாங்கப் போகும் ரோடு பைக்கில் யாரும் நெல் மூட்டை ஏற்றச் சொல்லப் போவதில்லை. கேள்வி மாறிவிட்டது, ஆகவே விடையும் மாறலாம். ஆனால் பழைய கேள்வியில் ஒரு பாதி இன்றும் உயிரோடு இருக்கிறது: 'உடைந்தால் எங்கே சரி செய்வது?' அபூர்வமான உறுப்பு பூட்டிய வண்டியை வாங்கி, ஒரு சிறு பொருளுக்காகப் பெங்களூருக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டாம்.

ஏறுவதை விட இறங்குவது கடினம்

ஏற்றத்துக்கு விடை கிடைத்தது. இறக்கத்துக்கு? தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்துகள் நேர்ந்திருக்கின்றன என்பது இப்பகுதி மக்கள் அறிந்ததே. சரிவில் கியரை நியூட்ரலில் விட்டு இறங்கும் லாரியில் பிரேக் மட்டுமே எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. அது சூடேறித் தோற்றுவிடுகிறது. சைக்கிள் ஓட்டுபவரோ எப்போதும் நியூட்ரலில்தான் இறங்குகிறார்! ஆம், ஃப்ரீவீல் என்பதன் பொருள் அதுவே. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ரீவீல் பரவுவதற்கு முன், சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். காலால் எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். ஃப்ரீவீல் காலுக்கு ஓய்வு தந்தது. தடுக்கும் பொறுப்பு முழுவதையும் பிரேக்கிடம் ஒப்படைத்தது.

அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது? 80 கிலோ எடை 200 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 1,57,000 ஜூல் ஆற்றல் வெளிப்படும். அரை லிட்டர்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பங்கைக் காற்றின் தடை எடுத்துக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் பெரும் பங்கு பிரேக் கட்டையிலும் ரிம்மிலும்தான் வெப்பமாகும்.

பழைய வண்டிகளின் முலாம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர்க் கட்டை அதன்மேல் வழுக்கும். பிரேக் பிடித்தும் வண்டி நிற்காது. அலுமினிய ரிம் இதில் பெரிதும் மேல். அச்சருகே தனித் தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக், மழையிலும் சேற்றிலும் இன்னும் நம்பகமானது. ஆனால் 'டிஸ்க்' என்ற பெயருக்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள். தரமில்லாத டிஸ்க் பிரேக்கை விடச் சரியாகப் பூட்டிய நல்ல ரிம் பிரேக் மேலானது. கடைக்கு வெளியே ஓட்டிப் பார்த்து, இரு விரலால் அழுத்தினால் வண்டி நிற்கிறதா என்று சோதியுங்கள். மலையில் இறங்கும்போது பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் விட்டு, ஆற விடுங்கள்.

இலேசான வண்டிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கடைசியாக, கடைக்காரர் முதலில் சொல்லும் விஷயம்: எடை. ரோவரின் காலத்திலிருந்தே சைக்கிள் செய்பவர்கள் சட்டத்தின் எடையைக் குறைக்கப் பாடுபட்டார்கள். 1897-இல் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ், மூட்டுகள் வரும் முனையில் தடித்தும் நடுவில் மெலிந்தும் உள்ள எஃகுக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். விசை மிகும் இடத்தில் உலோகம் மிகுதி, குறையும் இடத்தில் குறைவு என்னும் அழகான கருத்து. 1935-இல் வந்த 'ரெனால்ட்ஸ் 531' குழாய் பல்லாண்டுகள் பந்தய உலகை ஆண்டது. பின் அலுமினியம் வந்தது. அதன் பின் கார்பன் இழை.

நம் ஏற்றத்துக்கே திரும்புவோம். ஆளும் தண்ணீர்ப் புட்டியும் 63 கிலோ. ஒரு வண்டி 11 கிலோ, மற்றொன்று 9 கிலோ. மொத்தம் 74-க்கு 72. வேறுபாடு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. ஒரு மணி நேரம் ஏறினால் மிச்சமாவது ஒன்றரை நிமிடம்! பந்தயத்தில் அது வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான தூரம். அதற்காக அவர்கள் இலட்சங்களைக் கொடுப்பது நியாயமே. நமக்கு அது வழியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம். நடுத்தர விலையில் கிடைக்கும் சாதாரண அலுமினியச் சட்டமே போதும். எஃகுச் சட்டம் சற்றுக் கனமானாலும் விரிசல் விட்டால் பற்றவைத்துவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எடையை விட முக்கியம் அளவு. ஆளுயரச் சக்கரக் காலத்தில் கால் நீளம் பார்த்துத்தான் வண்டி வாங்கினார்கள். அந்த விதி இன்றும் மாறவில்லை. சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்க வேண்டும். கையை நீட்டிப் பிடிக்கும்போது தோள் இறுகக் கூடாது. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். சட்டத்தை வளர்க்க முடியாது. அளவு பொருந்தாத வண்டி எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.

பட்டியல் ஆயத்தம்

இப்போது உங்கள் 40,000 ரூபாயோடு கடைக்குப் போகலாம். முதலில் அளவு. இரண்டாவது, மேடு ஏறும் சிறிய கியர். மூன்றாவது, நம்பத்தக்க பிரேக். நான்காவது, அகல டயருக்கு இடம். ஐந்தாவது, அருகில் உள்ள நகரிலேயே கிடைக்கும் உதிரிப் பாகங்கள். இவை எல்லாம் சரியான பிறகு பணம் மீந்தால் எடையைப் பாருங்கள். நிறத்தையும் பாருங்கள், அது குற்றமல்ல. ஆனால் முழுத் தொகையையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், பூட்டு ஆகியவற்றுக்காக முன்கூட்டியே ஒரு பங்கை எடுத்து வையுங்கள். இருட்டிய பின் நெடுஞ்சாலையில் உங்களை லாரி ஓட்டுநருக்குக் காட்டப் போவது சட்டத்தின் எடை அல்ல, பின் விளக்கு.

வாங்கிய பின் ஒரு நாள் விடியற்காலையில் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்குங்கள். அருவியைப் பாருங்கள். வெயில் ஏறுமுன் திரும்புங்கள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் சிறிய கியருக்கு மாற்றுங்கள். கால்கள் நிதானமாகச் சுற்றட்டும். வெலோசியோ செந்த் எத்தியேன் மலையில் கேட்ட கேள்விக்கு நம் மாவட்டத்துச் சாலையில் உங்கள் முழங்காலே விடை சொல்லும். யாராவது பழைய ஹெர்குலிஸைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தால், அவரை முந்திக்கொண்டு போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கொஞ்சம் நின்று, உங்கள் பின் சக்கரத்தின் பற்களை அவருக்கு எண்ணிக் காட்டுங்கள்.